18,000 ரூபாய் சம்பளம்னா உடனே குப்பத்தை விட்டுக் கிளம்பலாமா? டவுனுக்குக் குடி போறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



பழவேற்காடு பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வியோட இன்னைக்குப் பாடத்தை ஆரம்பிக்கலாம். "அண்ணா, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில மாசம் 18,000 சம்பளம் தர்றேன்னு சொல்றாங்க. ஏரியில இப்ப மீனும் இல்ல, இறாலும் இல்ல. படகை வித்துட்டு குடும்பத்தோட பொன்னேரிக்குப் போயிடலாம்னு இருக்கேன். சரியா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்ல என்னால முடியாது. ஏன்னா இதே கேள்வி எங்க வீட்டுக்குள்ளேயே வந்தது. 2022-ல என் அக்கா குடும்பம் ஏரிக்கரைக் குப்பத்துல இருந்து பொன்னேரிக்குக் குடி போனாங்க. 11 மாசத்துல திரும்பி வந்தாங்க. போகும்போது அவங்களுக்குச் சொந்தமா ஒரு பைபர் போட் இருந்தது. வரும்போது அது இல்ல. நான் வங்கி, கடன், சேமிப்புன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன், ஆனா அன்னைக்கு அக்காகிட்டயும் மாமாகிட்டயும் உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டுக் காட்டல. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்கு எழுதறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். குப்பத்தை விட்டுப் போகாதீங்கன்னு நான் சொல்ல வரல. முகத்துவாரம் மண்ணு தூர்ந்து அடைச்சுக்கிட்டா கடல் தண்ணி உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. ஏரி ஆழம் குறைஞ்சுக்கிட்டே வருது. தெற்குப் பக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளின்னு துறைமுகமும் அனல் மின் நிலையமும் வந்தாச்சு. பிள்ளைங்க படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் பொன்னேரிக்கோ மெட்ராசுக்கோதான் ஓட வேண்டியிருக்கு. போகணும்னு தோணுறதுல தப்பே இல்ல. கணக்குப் பார்க்காம போறதுலதான் பிரச்சினை.

1. முதல் கணக்கு: இப்ப உங்களுக்கு உண்மையிலேயே மாசம் எவ்வளவு வருது?

கம்பெனி வேலையில இருக்கிறவரைக் கேட்டா சம்பளம் எவ்வளவுன்னு உடனே சொல்லிடுவார். மீன்பிடிக்கிறவரைக் கேட்டா, "ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது"ன்னுதான் பதில் வரும். மோசமான மாசத்துல உட்கார்ந்து யோசிச்சா 18,000 பெரிய தொகையாத் தெரியும். நல்ல இறால் சீசன்ல யோசிச்சா அதே 18,000 சின்னதாத் தெரியும். ரெண்டுமே தப்பான நேரத்துல எடுக்கிற முடிவு.

அதனால 12 மாசத்தையும் சேர்த்துப் பாருங்க. டீசல், வலை, எஞ்சின் ரிப்பேர், கூட வந்த ஆள் பங்கு எல்லாம் போக வீட்டுக்கு வந்தது மட்டும்தான் கணக்கு. ஒரு உதாரணம் போடறேன், உங்க எண்ணை நீங்க வெச்சுக்கோங்க.

நல்ல மாசம் 4: மாசத்துக்கு 20,000 வீதம் 80,000.
சுமாரான மாசம் 5: மாசத்துக்கு 12,000 வீதம் 60,000.
மோசமான மாசம் 3: மாசத்துக்கு 4,000 வீதம் 12,000.
அக்கா கூடையில மீன் வித்து வர்ற லாபம்: மாசம் 4,000 வீதம் 11 மாசத்துக்கு 44,000.

இதோட நிறுத்திடாதீங்க. அரசாங்கத்துக்கிட்ட இருந்து வர்றதும் வருமானம்தான். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதுக்கு நிவாரணம் இப்ப குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மீன் குறைவான காலத்துக்கு 6,000 ரூபாய். அப்புறம் சேமிப்பும் நிவாரணமும் சேர்ந்த திட்டம். நீங்க 1,500 கட்டினா அரசாங்கம் 3,000 போட்டு 4,500-ஆத் திரும்ப வரும். ஆணுக்கு ஒண்ணு, பெண்ணுக்கு ஒண்ணு. அதுல அரசாங்கப் பங்கு மட்டும் ஆளுக்கு 3,000, ரெண்டு பேருக்கு 6,000. தகுதி இருக்கிற குடும்பத்துக்கு இதெல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 20,000 ஆகுது.

மொத்தம்: 80,000 + 60,000 + 12,000 + 44,000 + 20,000 = 2,16,000. இதை 12-ஆல வகுத்தா மாசம் 18,000.

கவனிச்சீங்களா? கம்பெனி சொன்ன அதே 18,000 குப்பத்துலயே வந்துக்கிட்டுதான் இருக்கு. ஒரே சீரா வராம ஏறி இறங்கி வர்றதால நமக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான்.

2. ரெண்டாவது கணக்கு: 18,000 சம்பளம்னா கையில எவ்வளவு வரும்?

கம்பெனி வாசல்ல சொல்ற சம்பளம் வேற, பேங்க் அக்கவுண்ட்ல விழுற சம்பளம் வேற. பிடித்தம் எப்படின்னு பாருங்க.

பி.எஃப். உங்க பங்கு 12 சதவீதம். 15,000 ரூபாயை உச்சவரம்பா வெச்சுப் பிடிச்சா மாசம் 1,800. இ.எஸ்.ஐ. உங்க பங்கு 0.75 சதவீதம். 18,000-க்கு 135 ரூபாய். கேன்டீன், கம்பெனி பஸ்னு ஒரு 500 பிடிக்கிறாங்கன்னு வெச்சுக்குவோம்.

18,000-ல 1,800, 135, 500 போனா மீதி 15,565.

இதுல ஒரு நியாயமும் சொல்லணும். பி.எஃப். பிடிக்கிறது நஷ்டம் இல்ல. கம்பெனியும் அதே அளவு போடுது, அது உங்க பணம். இ.எஸ்.ஐ. இருந்தா குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். குப்பத்துல இந்த ரெண்டும் கிடையாது. ஆனா மாசக் கடைசியில அரிசி வாங்க அந்த பி.எஃப். பணம் உதவாது. ரெண்டையும் தனித்தனியாப் பார்க்கணும்.

வேலையில சேரும்போது கேட்க வேண்டிய கேள்வி மூணு. நான் கம்பெனி ஆளா, கான்ட்ராக்டர் ஆளா? யு.ஏ.என். நம்பர் எப்ப தருவீங்க? இ.எஸ்.ஐ. நம்பர் எப்ப தருவீங்க? "எல்லாம் வரும் தம்பி, முதல்ல வேலைக்கு வா"ன்னு பதில் வந்தா உஷாரா இருங்க. மாமாவுக்குச் சம்பளத்துல பி.எஃப். பிடிச்சாங்க. ஆனா ஏழு மாசம் கழிச்சுப் பார்த்தா அவர் கணக்குல மூணு மாசப் பணம்தான் ஏறியிருந்தது. ஒவ்வொரு மாசமும் போன்ல பாஸ்புக் திறந்து பார்த்திருந்தா ரெண்டாவது மாசமே தெரிஞ்சிருக்கும்.

3. மூணாவது கணக்கு: டவுன்ல புதுசா முளைக்கிற செலவு

குப்பத்துல நாம காசு கொடுக்காமலே அனுபவிக்கிற விஷயம் நிறைய. வீட்டுக்கு வாடகை இல்ல. குழம்புக்கு மீன் காசு கொடுத்து வாங்கறதில்ல. விலைக்குப் போகாத பொடி மீன், நாலு நண்டு, ஒரு மடவைன்னு ஏதாவது ஒண்ணு சட்டிக்கு வந்துடும். டவுனுக்குப் போன மறுநாளே இதுக்கெல்லாம் விலை வந்துடும். உதாரணத்துக்கு மாசச் செலவு:

வாடகை 6,000.
கரண்ட் 700.
தண்ணி கேன், பராமரிப்பு 500.
வேலைக்குப் போய் வர 800.
மீன் வாங்க 2,000.
பிள்ளை ஸ்கூல் வேன் 1,000.

மொத்தம் 11,000. அரிசி, மளிகை, பால், துணிமணி எல்லாம் குப்பத்துலயும் இருந்த செலவு, அதை இதுல சேர்க்கல. இது புதுசா வந்தது மட்டும்.

கரண்ட் பில்லுல ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். குப்பத்துல சின்ன வீட்டுக்குப் பில்லே வராம போகலாம். டவுன்ல ஒரே மீட்டர்ல மூணு குடித்தனம் இருக்கும், ஓனர் உள் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு முதல் யூனிட்ல இருந்தே வாங்குவார். அதனால வீடு பார்க்கும்போது "தனி இ.பி. மீட்டர் இருக்கா?"ன்னு கேளுங்க. வாடகையில 300 ரூபாய் கூட இருந்தாலும் தனி மீட்டர் வீடு லாபமா இருக்கலாம்.

இப்ப முக்கியமான சூத்திரம். நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க:

இப்ப வர்ற மாச சராசரி + டவுன்ல புதுசா வர்ற செலவு = டவுன்ல கையில வர வேண்டிய வருமானம்.

நம்ம உதாரணத்துல 18,000 + 11,000 = 29,000. இப்ப வாழுற அதே வாழ்க்கையை டவுன்ல வாழ கையில 29,000 வரணும். வரப்போறது 15,565. மாசம் 13,435 பள்ளம். அந்தப் பள்ளத்தைத்தான் அக்கா நகைக்கடன் வெச்சு 11 மாசம் மூடினாங்க.

4. பெண்ணோட வருமானத்தை எல்லாரும் மறந்துடறாங்க

மேல சொன்ன கணக்குல அக்காவோட 44,000 இருக்கு பாருங்க, அதைக் குடும்பத்துல யாருமே கணக்குல எடுக்கல. மாமாவும் எடுக்கல, நானும் எடுக்கல. அக்காவே எடுக்கல. "அது என்னடா, கைச்செலவுக்கு"ன்னுதான் சொன்னாங்க. அந்தக் கைச்செலவுலதான் பிள்ளைங்க நோட்டு, மருந்து, சுய உதவிக் குழுத் தவணை எல்லாம் ஓடிக்கிட்டு இருந்தது.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2004 சுனாமிக்கு அப்புறம் சென்னைக் கடலோரத்துக் குடும்பங்கள் பலதை செம்மஞ்சேரிக்கு மாத்தினாங்க. அடுக்குமாடி வீடு கிடைச்சது. ஆனா கடல் தூரமாப் போச்சு, மீன் எடுக்கிற இடம் தூரமாப் போச்சு, வாடிக்கை வீடுங்களும் தூரமாப் போச்சு. பஸ்ஸுக்கே காசும் நேரமும் போனா மீன் விக்கிற பொம்பளைக்கு என்ன மிஞ்சும்? அவங்க விருப்பப்பட்டுப் போனவங்க இல்ல, நாம விருப்பப்பட்டுப் போறோம். ஆனா பாடம் ஒண்ணுதான். வீடு மாறும்போது வீட்டோட சேர்த்து வாடிக்கையும் மாறுது.

அதனால குடி போறதுக்கு முன்னாடி வீட்டுப் பெண்கள்கிட்ட உட்கார்ந்து கேளுங்க: அங்க போய் நீ என்ன பண்ணப் போற? மீன் விக்கிறதா இருந்தா, ஏலம் நடக்கிற நேரத்துக்குப் பழவேற்காடு வந்து மீன் எடுத்துட்டுத் திரும்ப முடியுமா? சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021-ல இருந்து கட்டணம் இல்ல, அது ஒரு உதவி. ஆனா பஸ் வர்ற நேரமும் ஏலம் நடக்கிற நேரமும் ஒத்து வரணும். ஒரு வாரம் போய் வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

5. அட்வான்ஸ்: முதல் நாளே கரையற பணம்

மாமா போட்டையும் எஞ்சினையும் 95,000-க்கு வித்தார். அவசர விலைதான். அது எங்க போச்சுன்னு பாருங்க.

அட்வான்ஸ் 50,000.
முதல் மாச வாடகை 6,000.
புரோக்கருக்கு 6,000.
சாமான் ஏத்தின வண்டி 3,500.
பேன், கேஸ் ட்யூப், பால் காய்ச்ச, அது இதுன்னு 4,500.

மொத்தம் 70,000 முதல் வாரத்துலயே முடிஞ்சது. மீதி 25,000 பழைய கடனுக்குப் போச்சு. முதல் சம்பளம் வர்றதுக்குள்ள கையில ஒண்ணும் இல்ல.

திரும்பி வரும்போது ஓனர் பெயிண்ட் அடிக்கணும்னு 8,000 பிடிச்சுக்கிட்டு 42,000 கொடுத்தார். அதே மாதிரி போட்டும் எஞ்சினும் திரும்ப வாங்க 1,60,000 ஆச்சு. 1,18,000 கடன். அந்தக் கடன் இன்னும் முழுசா முடியல. படிப்பு, ஆஸ்பத்திரி, கல்யாணம்னு எதுவுமே நடக்காம, வீடு மாறினதுக்காக மட்டும் வந்த கடன் இது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. தமிழ்நாட்டுல 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. அதன்படி அட்வான்ஸ் பொதுவா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஒப்பந்தத்துல வேற தொகை எழுதினா அதுக்கு இடம் உண்டு. அதனால பேசற நேரம் கையெழுத்துக்கு முன்னாடிதான். "மூணு மாசம்தானே சார் சட்டம், 18,000 தர்றோம்"னு பணிவாக் கேளுங்க. பத்துக்கு மூணு பேர் ஒத்துக்கிட்டாலும் நமக்கு லாபம்தான். வாய்ப்பேச்சா இல்லாம எழுத்துல ஒப்பந்தம் போடுங்க. பெயிண்ட் செலவு யாருது, காலி பண்ணினா எத்தனை நாள்ல அட்வான்ஸ் திரும்ப வரும், இந்த ரெண்டு வரியும் அதுல கண்டிப்பா இருக்கணும். உள்ளே போற அன்னைக்கே சுவர், குழாய், கதவு எல்லாத்தையும் போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க.

6. ஊர்ல விட்டுட்டுப் போற பங்கு

இது மத்த ஊர்க்காரங்களுக்குப் புரியாத விஷயம், நம்ம ஏரிக்காரங்களுக்கு நல்லாப் புரியும். பழவேற்காட்டுல கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மாதிரி ஊர்கள்ல பாடு முறை இருக்கு. ஏரியில எந்த இடத்துல யார் எந்த நாள் வலை கட்டணும்னு சீட்டுப் போட்டு முறை வெச்சுப் பிரிச்சுக்கிற வழக்கம். அந்த முறையில உங்களுக்கு இடம் இருக்குன்னா அது ஒரு சொத்து. பத்திரம் கிடையாது, வாரிசா வர்றது. தலைக்கட்டு வரி கட்டற வரைக்கும், ஊர்க் கூட்டத்துக்கு வர்ற வரைக்கும்தான் அந்தப் பேச்சு நிக்கும்.

வெளியூர் போனா அந்த இடம் என்ன ஆகும்? விதி ஊருக்கு ஊர் மாறும். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஊர்ப் பெரியவங்க நாலு பேர் முன்னாடி கேட்டுடுங்க: நான் வேலைக்குப் போனா என் முறை நிக்குமா? என் தம்பியோ பையனோ என் பேர்ல கட்டலாமா? வரியைத் தொடர்ந்து கட்டினா திரும்பி வரும்போது சேர்த்துக்குவீங்களா? இதைக் கேட்காம போயிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு வந்து "என் பாடு எங்கே"ன்னு நின்னா சண்டைதான் மிஞ்சும்.

மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, மீனவர் நல வாரியப் பதிவு ரெண்டும் அதே மாதிரிதான். தடைக்கால நிவாரணம் மீன்பிடித் தொழில் பண்ற குடும்பத்துக்கு. முழுநேரம் கம்பெனிக்குப் போயிட்டு அதை வாங்கறது முறையும் இல்ல, விசாரணையில பேரும் நீக்கிடுவாங்க. குடும்பத்துல யாராவது ஒருத்தர் தொழில்ல தொடர்ந்தா சங்கத்துல சொல்லி அவர் பேரைச் சரியாப் பதிவு பண்ணிக்கோங்க. இன்னொண்ணு, மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டுல விபத்தில் இறந்தாலோ நிரந்தரமா முழு ஊனம் ஆனாலோ 5 லட்ச ரூபாய் இருக்கு. தொழிலை விட்டா இந்தப் பாதுகாப்பும் போகும். அதுக்குப் பதிலா உங்க பேர்ல வேற விபத்துக் காப்பீடு எடுத்துட்டுத்தான் அதை விடணும்.

7. அட்டை, கடன், குழு: முடிச்சு போட வேண்டியது

ரேஷன் கார்டு: பதட்டம் வேண்டாம். 2020 அக்டோபர்ல தமிழ்நாட்டுல ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் வந்தாச்சு, கைரேகை வெச்சுப் பொன்னேரிக் கடையிலயும் வாங்கலாம். அதனால போன முதல் மாசமே முகவரியை மாத்தணும்னு இல்ல. நிலைச்சு நிப்போம்னு உறுதியான பிறகு மாத்துங்க. மகளிர் உரிமைத் தொகை 1,000 வாங்கறவங்க, எஸ்.எம்.எஸ். வர்ற போன் நம்பரையும் பேங்க் அக்கவுண்ட்டையும் மட்டும் மாத்திடாதீங்க.

வியாபாரி முன்பணம்: ஏலத்துல மீன் எடுக்கிறவர்கிட்ட வலைக்கோ எஞ்சினுக்கோ முன்பணம் வாங்கியிருந்தா, நீங்க மீன் போடற வரைக்கும் அவர் கேட்க மாட்டார். கிளம்பறீங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு மொத்தமாக் கேட்பார். அதை முன்கூட்டியே பேசித் தவணை போட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிடுங்க.

சுய உதவிக் குழுக் கடன்: நீங்க கட்டலன்னா மத்த உறுப்பினர்கள் தலையில விழும். அந்த ஊர்லதான் நாளைக்கு உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகை வைக்கணும். முடிச்சுட்டுப் போங்க, இல்லன்னா மாசா மாசம் அனுப்ப ஒரு ஏற்பாடு பண்ணிட்டுப் போங்க.

படகு: முதல் வருஷம் விக்கவே விக்காதீங்க. தம்பிகிட்டயோ பங்காளிகிட்டயோ பங்குக்கு விடுங்க. மீன் வித்த பணத்துல படகுப் பங்குன்னு ஒண்ணு நம்ம ஊர்ல எப்பவும் உண்டு. அது சின்ன வருமானமா இருந்தாலும் படகு உயிரோட இருக்கும். ஒருவேளை வித்தே ஆகணும்னா மீன்வளத் துறைப் பதிவையும் வாங்கினவர் பேருக்கு மாத்திட்டு வித்துடுங்க.

8. அப்போ எப்படித்தான் போறது? படிப்படியா

எங்க வீட்டுல ரெண்டாவது தடவை நடந்ததைச் சொல்றேன். 2024-ல அக்கா பையன் ஐ.டி.ஐ. முடிச்சான். கும்மிடிப்பூண்டியில 15,000 சம்பளத்துக்கு வேலை வந்தது. மாமா உடனே, "சரி, எல்லாரும் கிளம்பலாம்"னார். இந்தத் தடவை நான் நோட்டோட போய் உட்கார்ந்தேன்.

15,000-ல பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113 போக கையில 13,087. நாலு பசங்க சேர்ந்து எடுத்த ரூம்ல அவன் பங்கு 1,500. சாப்பாடு 4,000, ஒரு வேளை கம்பெனி கேன்டீன். போன், போக்குவரத்து 1,000. செலவு 6,500. மிச்சம் 6,587. அதுல வீட்டுக்கு 5,000 அனுப்பறான்.

வீட்டுல என்ன மாறிச்சு? மாமா தொழில் ஓடுது. அக்கா கூடை ஓடுது. வாடகை இல்ல, அட்வான்ஸ் இல்ல. குடும்பத்துக்கு 18,000-ஆ இருந்தது 23,000 ஆச்சு. பையன் பி.எஃப். கணக்குல அவன் பங்கு 1,800-உம் கம்பெனி பங்குல சுமார் 550-உம் சேர்ந்து மாசம் 2,350 ஏறுது, பென்ஷனுக்குத் தனியா சுமார் 1,250 போகுது. லீவுக்குக் கும்மிடிப்பூண்டியில ரயில் ஏறினா கவரைப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துடறான்.

எல்லாமே நல்லா நடக்குதுன்னும் சொல்ல மாட்டேன். நைட் ஷிப்ட்ல அவன் இளைச்சுப் போயிட்டான்னு அக்காவுக்குக் கவலை. வலை இழுக்க ஒரு கை குறைஞ்சதுன்னு மாமாவுக்கு வருத்தம். ஆனா போன தடவை மாதிரி யாரும் ராத்திரி தூங்காம உட்கார்ந்திருக்கல.

நான் சொல்ற வரிசை இதுதான்:

முதல் படி: ஒருத்தர் மட்டும் போகட்டும், 6 மாசம். சம்பளம் ஒழுங்கா வருதா, பி.எஃப். ஏறுதா, உடம்பு தாங்குதான்னு தெரியணும்.

ரெண்டாம் படி: அந்த 6 மாசமும் வர்ற பணத்துல ஒரு பகுதியைத் தனி அக்கவுண்ட்ல ஒதுக்குங்க. பேரு "குடி போற பணம்". நம்ம உதாரணத்துல குடி போற செலவு 70,000, முதல் சம்பளம் வர்ற வரைக்கும் ஒரு மாசச் செலவு 29,000. கிட்டத்தட்ட ஒரு லட்சம். அது கடனா இல்லாம சேமிப்பா கையில இருந்தாத்தான் முழுக் குடும்பமும் கிளம்பணும்.

மூணாம் படி: டவுன்ல ரெண்டாவது வருமானம் உறுதியான பிறகு மனைவி, பிள்ளைங்க போகட்டும். பிள்ளைங்க ஸ்கூல் மாத்தறதை ஜூன் மாசத்தோட சேர்த்து வெச்சுக்கோங்க, நடுவுல வேண்டாம்.

நாலாம் படி: ஒரு வருஷம் டவுன்ல தாக்குப் பிடிச்ச பிறகு படகைப் பத்திப் பேசுங்க. அதுவரைக்கும் தலைக்கட்டு வரியையும் நிறுத்தாதீங்க.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில்: வேலையில சேருங்க, நல்ல வாய்ப்புதான். குடும்பம் ஆறு மாசம் குப்பத்துலயே இருக்கட்டும். படகை விக்காதீங்க. இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு நோட்டு எடுத்து, வீட்டுக்காரம்மாவையும் பக்கத்துல உட்கார வெச்சு, போன 12 மாசமும் என்ன வந்ததுன்னு எழுதுங்க. அவங்க சம்பாதிச்சதை முதல் வரியில எழுதுங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்ப மாமா கரையில வலை பொத்திக்கிட்டு இருந்தார். "அந்த 95,000-க்கு ஆசைப்படாம இருந்திருந்தா இந்தக் கடன் இல்லடா"ன்னார். "நான் அன்னைக்கே வந்து கணக்குப் போட்டிருக்கணும் மாமா"ன்னேன். "நீ போட்டிருந்தாலும் அன்னைக்கு நான் கேட்டிருக்க மாட்டேன். இப்ப கேட்கிறவங்களுக்காவது சொல்லு"ன்னார். சொல்லிட்டேன்.

மேல சொன்ன கணக்கையெல்லாம் பலகையில எழுதிக் காட்டற வீடியோவையும் நம்ம சேனல்ல போடறேன். டவுனுக்குக் குடி போற யோசனையில இருக்கிற சொந்தக்காரங்க யாராவது இருந்தா, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அவங்களுக்கு இதைப் படிக்கக் கொடுங்க. அடுத்த பாடத்துல நகைக்கடனை எந்த வரிசையில அடைச்சா வட்டி குறையும்னு பார்ப்போம்.